சூடாகாத கார்டு

"நான் பொறுக்கி எடுத்த கார்டைத் தொட்டுப் பாருங்க. பச்சைத் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கும். இன்னிக்கு வரைக்கும் கார்டு விஷயத்துல 'எது நல்லாருக்கு'ன்னு நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல. கேக்கிற நிலைமை வந்துச்சுன்னா, அன்னிக்கே கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவுல வெச்சிடறேன்."

இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவர் நாட்டின் அதிபர் அல்லர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வெளியிட்ட இடமும் மாநாட்டு மேடை அன்று. அவருடைய அக்கா வீட்டு முன்னறை. கையில் டீ டம்ளர், எதிரே கூட்டமாக அக்காவும் அக்கா மகளும். அக்கா வீட்டில் தொடங்கி அவருடைய தெரு, கடை எல்லாவற்றிலும் அவருக்கு 'பவர் மாமா' என்றே பெயர். பகலில் மனிதர்களின் கண்ணுக்குப் பவர் சொல்வார். மாலையில் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் பவர் சொல்வார். இரண்டுக்கும் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. முதலாவதில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர் என்பதால், இரண்டாவதிலும் அப்படித்தான் இருப்பார் என்று ஊர் விட்டுவிட்டது.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து, ஓடுகிற படங்களை எல்லாம் வரைந்து திரைக்கு அனுப்புகிற ஒரு பலகை. அதற்கென்று தனி விசிறி உண்டு, தனிப் பசி உண்டு. புதிது வாங்கினால் வீட்டில் ஒருவர் சம்பளம் காலி. ஆகவே மாமா பழசின் பக்கம். "புதுசுங்கிறது எல்லாம் ஏமாத்து வேலை. என்கிட்ட இருக்கிற பழசையே பாருங்க. வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு! சூடாகாது, சத்தம் போடாது, கரண்டும் குடிக்காது. குழந்தை மாதிரி." மாமா பெற்ற இரண்டு குழந்தைகளுமே இந்த மூன்றில் ஒன்றிலும் சேர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கண்ணாடிக் கடையில் அவர் அமர்ந்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டும். வந்தவரின் முகத்துக்கு முன்னால் லென்ஸ் கருவியை இழுத்து நிறுத்துவார். ஒரு கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்துவிட்டு, மற்றக் கண்ணுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, நீதிபதியின் குரலில் கேட்பார்: "முதல்லது நல்லாருக்கா, ரெண்டாவது நல்லாருக்கா?" கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் ஒரு பெரியவரை உட்காரவைத்து லென்ஸ் மேல் லென்ஸாக மாற்றிக்கொண்டே இருந்தாள். பெரியவரும் "எல்லாம் ஒண்ணாத்தாம்மா தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா எட்டிப் பார்த்தார். அவள் இடது கண்ணுக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். மூடி இருந்ததும் இடது கண்ணில்தான். பெரியவர் பாவம், வலது கண்ணால் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒண்ணாத் தெரியுதுன்னு ஆள் சொன்னா, லென்ஸைப் பாக்காதம்மா. எந்தக் கண்ணு திறந்திருக்குன்னு பாரு" என்றார் மாமா. அதோடு விட்டாரா என்றால் இல்லை. வருகிற கண்ணாடிக் கம்பெனிப் பிரதிநிதிகள், போகிற வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடை மருந்துக்காரர், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் பல நாள் தலையைத் தூக்கவில்லை.

அக்கா மகளுக்கு ஒரு கார்டு தேவைப்பட்டது இந்தச் சமயத்தில்தான். அழைப்பிதழ் வடிவமைக்கும் கடையில் வேலை பார்த்துவந்தவள், கட்டப்போகும் அறைகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நடந்து பார்ப்பதுபோல் காட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு, பழைய வேலையை விட்டுவிட்டாள். "கையில இருக்கிறதை விட்டுட்டு எதுக்குடி?" என்று அக்கா தொடங்கும்போதெல்லாம், "நான் இருக்கேன்க்கா" என்று மாமா நெஞ்சைத் தட்டினார். முதல் வேலையும் வந்தது. ஒரு பல் டாக்டரம்மா புது மருத்துவமனை கட்டுகிறார். நோயாளிகள் காத்திருக்கும் கூடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். அது பிடித்துப்போனால் கட்டடம் முழுக்க இவளுக்கே.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்காரரிடம் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று மூன்று விசிறியோடு முழங்கை நீளத்துக்கு இருந்தது. மாமா அதற்குப் பெரியவன் என்று பெயர் வைத்தார். மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னவன். விலையில் சின்னவன் பெரியவனில் பாதி. கடைக்காரர், "பெரிசு வேகம் சார், ஆனா கரண்டைக் குடிச்சுத் தீத்துடும். சின்னது சாதுவா இருக்கும், வேகம் கம்மி" என்றார்.

"இதெல்லாம் காதால கேட்டுச் சொல்றது. நான் கண்ணால பாத்துச் சொல்றேன். ரெண்டையும் குடுங்க, நாளைக்குத் தர்றேன்" என்று மாமா இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சோதனை மாமாவின் வீட்டில், மாமாவின் கம்ப்யூட்டரில் நடந்தது. சுவரில் சொருகி மின்சாரம் அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார். ஒரு கார் பந்தய விளையாட்டை ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று மூலையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டார். முதலில் பெரியவன், அடுத்து சின்னவன், கடைசியில் தம்முடைய சொந்தக் கார்டு. மூன்றிலும் ஒரே எண்தான். மூன்றிலும் மின்சாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரியவன் மட்டும் கொஞ்சூண்டு கூடுதல். ஒன்றுமே சூடாகவில்லை.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். மாமா பெருமைப்பட்டார். பல வருஷமாகத் தாம் சொல்லிவந்தது நிரூபணமாகிவிட்டதே!

"வேகம் ரெண்டுக்கும் ஒண்ணு. கரண்டும் ஒண்ணு. அப்புறம் எதுக்கு ரெண்டு மடங்கு விலை? சின்னவனை வாங்கு" என்று அக்கா மகளுக்குத் தீர்ப்பு வழங்கினார்.

"இல்ல மாமா, எல்லாரும் பெருசுதான்..."

"எல்லாரும் சோதிச்சுப் பாத்தாங்களா? மாமா சோதிச்சேன்."

"அவன்தான் சொல்றான்ல, அதையே வாங்குடி" என்றாள் அக்கா. கடைக்காரரிடமும் மாமா இதை அறிவித்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியா சார்? இத்தனை நாள் இது தெரியாமப் போச்சே" என்று, அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் மாமாவின் பெயரைச் சொல்லிச் சின்னதையே விற்றார்.

டாக்டரம்மாவிடம் காட்டும் நாளில், கம்ப்யூட்டர் பெட்டியை மாமாவே குழந்தையைப் போல இரு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்தார். திரையில் கூடத்தின் கதவு திறந்தது. பாதி திறந்து நின்றது. யோசித்தது. மீதி திறந்தது. உள்ளே போய் இடது பக்கம் திரும்ப வேண்டும். அக்கா மகள் மவுஸை நகர்த்தினாள். கூடம் கொஞ்ச நேரம் கழித்து, மனசில்லாமல் திரும்பியது. நாற்காலிகள் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன.

"இது போட்டோவாம்மா, வீடியோவா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அக்கா மகள் மாமாவைப் பார்த்தாள். 'இது கார்டு வேலையா மாமா?' என்பது அந்தப் பார்வை. மாமா எழுந்து நின்றார்.

"கார்டுல ஒரு குறையும் கிடையாது டாக்டர். நானே சோதிச்சது. பொண்ணு புதுசு பாருங்க, வேண்டாததை எல்லாம் அள்ளிப் போட்டு அடைச்சு வெச்சிருக்கா. பல்லு பிடுங்க வர்றவன் செடியையா பாக்கப் போறான்?"

கூடத்தின் மூலையில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. அக்கா மகள் அதையே பார்த்துக்கொண்டு, "ஆமா டாக்டர். என் தப்புதான்" என்றாள்.

"சரி, அடுத்த வாரம் இன்னொரு தடவை பாக்கலாம். அப்பவும் இப்படித்தான்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்ம்மா. கோவிச்சுக்காதே."

அந்த வாரம் முழுக்க அவள் கூடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். முதலில் செடி போனது. பிறகு திரைச்சீலை, சுவரில் மாட்டிய படங்கள், மேசை விளக்கு. மாமா போனில் மேற்பார்வை செய்தார். "ஜன்னல் எதுக்கு? சுவரா அடைச்சுடு." அவளும் அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். மாமாவின் மனைவி, கம்ப்யூட்டர் மேசையை நகர்த்தித் தூசி தட்டினாள். ஒயர்களை எல்லாம் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் சொருகினாள். மாமா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் கார் பந்தயத்தைத் தொடங்கினார்.

கார் பறந்தது. அதுவரை அந்த விளையாட்டில் மரங்கள் நின்று நின்று வரும். இப்போது எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடின. மூலையில் தெரிந்த எண் மூன்று மடங்குக்கும் மேலே போய் நின்றது. நேற்றுத் தாம் செய்த ஏதோ ஒரு மேதைமையின் பலன் இது என்றுதான் மாமாவுக்கு முதலில் தோன்றியது. என்ன செய்தோம் என்றுதான் ஞாபகம் வரவில்லை. அதற்குள் உய்ய்ய் என்று ஒரு சத்தம்.

"ஏம்மா, இந்நேரத்துல மிக்ஸியில என்ன அரைக்கிற?"

"நான் இங்கதான துணி மடிச்சிட்டிருக்கேன்" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்தது. கை வைத்துப் பார்த்தார். பெட்டியின் பின்புறம் சுட்டது. இத்தனை வருஷமாக மூச்சுக்கூட விடாத அவருடைய கார்டின் விசிறி, முதல்முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ பின்னால ஏதாவது மாத்துனியா?"

"ஒண்ணும் மாத்தல. டிவி ஒயரை, அதான் இந்தத் திரைக்கு வர்ற ஒயரை, மேல இருந்த ஓட்டையில சொருகப் போனேன், இறுக்கமா இருந்துச்சு. கீழயும் அதே மாதிரி ஓட்டை இருந்துச்சு, அதுல சொருகிட்டேன். ஏன், தப்பா?"

மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் படுத்தார். மேலே இருந்த துளை, எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டினுடையது. மதர்போர்டுக்குள்ளும் சாதுவாகப் படம் வரையும் சின்னத் திறமை ஒன்று உண்டு. கணக்கு எழுத, கடிதம் அடிக்க அது போதும். கீழே இருந்த துளை கார்டினுடையது. கார்டைப் போட்டால் திரை ஒயரைக் கார்டில்தான் சொருக வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாளே ஒருவர் கற்கும் பாடம் அது. மாமா ஒயரை மேலே சொருகிய நாளிலிருந்து அந்தப் பாடம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. எந்தக் கார்டைப் போட்டாலும், எந்தக் கார்டை எடுத்தாலும், படம் வரைந்தது மதர்போர்டுதான். கார்டுகள் மூன்றும் அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, கைகால் நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தன. சின்னவன் எவ்வளவு மெதுவானவன் என்று அந்தச் சோதனையில் தெரியவந்திருக்க வழியே இல்லை.

சூடாகாது. சத்தம் போடாது. கரண்டும் குடிக்காது. வேலையே செய்யாதவன் எதற்குச் சூடாவான்?

மேசைக்கடியில் படுத்தபடியே அவருக்குக் காதுமடல் எரிந்தது. கறுப்பு மூடி போட்ட கண்ணுக்கு லென்ஸ் மாற்றிய அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். எல்லாம் ஒண்ணாத் தெரியுதுன்னு ஆள் சொன்னா, எந்தக் கண்ணு திறந்திருக்குன்னு பாரு. எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்!

"என்னங்க, அங்கயே தூங்கிட்டீங்களா?"

மாமா வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை வருஷமா அது சும்மா உக்காந்திருந்துச்சா?"

"ம்."

"நீங்க தொட்டுப் பாரு, தொட்டுப் பாருன்னு எல்லாரையும் கூப்பிட்டுத் தொட வெச்சீங்களே..." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாக நின்றது. "உங்க அக்கா பொண்ணு பாவங்க. டாக்டர் முன்னால அவதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாளாம்" என்றாள்.

மாமா தம்முடைய கார்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்தார். தவறு செய்த கம்ப்யூட்டர்காரர்களுக்கென்றே உலகம் கட்டிவைத்த சத்திரம் ஒன்று உண்டு. அதற்கு டிரைவர் அப்டேட், அதாவது கார்டை ஓட்டுகிற மென்பொருளைப் புதுப்பிப்பது, என்று பெயர். "சின்னவனுக்கு டிரைவர் சரியில்லைம்மா, கம்பெனிக்காரன் கோளாறு. மாமா என் கார்டையே உனக்குப் பரிசாத் தர்றேன்." நல்ல பொய். பரிசும் ஆயிற்று, மானமும் மிஞ்சும். தெருமுனையில் சாமான் கடைக்காரர் கையை ஆட்டினார். "சார், நீங்க சொன்னதுலேர்ந்து சின்னது நல்லாப் போகுது சார்! பெரிசை ஒருத்தனும் தொடறதில்ல!" மாமா கேட்காதவர்போல் நடையை எட்டிப் போட்டார்.

அக்கா கதவைத் திறந்ததுமே, "வா, வா. நீ வந்துட்டல்ல, இனிமே கவலையில்ல" என்றாள். அக்கா மகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மாமா பொய்யின் முதல் சொல்லை எடுத்தார்.

"டிரைவர்..."

"மாமா, ஒரு நிமிஷம் பாருங்க. இப்ப ஓரளவுக்கு நகருது."

திரையில் டாக்டரம்மாவின் கூடம் தெரிந்தது. நான்கு வெள்ளைச் சுவர், ஒரு கதவு. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. பல்வலிக்காரன் வந்து உட்கார்ந்தால், பல்வலி போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எண்ணம்தான் வரும்.

"இந்த நாற்காலியையும் எடுத்துட்டா நல்லா ஓடும்னு நினைக்கறேன். எடுத்துடட்டுமா மாமா?"

பையிலிருந்த கார்டு கனத்தது. டிரைவர் தொண்டையோடு நின்றுவிட்டான்.

"எடுக்காதே" என்றார். பிறகு, மிகவும் சின்னக் குரலில், "தப்பு உன் படத்துல இல்லம்மா. என் ஒயர்ல" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். மேல் துளை, கீழ்த் துளை, மனைவியின் தூசி தட்டல், மிக்ஸி சத்தம் எல்லாம். மிக்ஸி வரும் இடத்தில் யாராவது சிரித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப அன்னிக்கு டாக்டர் முன்னால இவளைச் சொன்னியே?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"இவதான் தப்புன்னு சொன்னியேடா."

"ஆமாக்கா."

அக்கா மகள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "அந்தச் செடிக்கு ஒவ்வொரு இலையா வரைஞ்சேன் மாமா" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் மாமாவுக்குப் பதில் வந்திருக்கும். கத்துகிறவர்களுக்கு வைத்திருந்த பதில்கள் அவரிடம் மூட்டை மூட்டையாக உண்டு. "பழசை அழிச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல. முழுசா இருந்ததைத் தனியா வெச்சிருக்கேன்."

மாமாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் விடவில்லை. "டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"நாளைக்கு..."

"இப்பவே."

மாமா போனை எடுத்தார். கார்டு, மதர்போர்டு, துளை என்று அவர் வளைத்து வளைத்துச் சொன்னதை டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு இதெல்லாம் புரியலைங்க. சுருக்கமாச் சொல்லுங்க. கோளாறு அந்தப் பொண்ணோடதா, உங்களுதா?" என்றார்.

"என்னுதுங்க."

"சரி. நாளைக்கு வரச் சொல்லுங்க." போன் நின்றது. மாமா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "பேசாம அந்தப் பெரிசை வாங்கிடலாமா? நீ என்னடா சொல்ற?"

மாமா தலையை ஆட்டினார். "என்னைக் கேக்காதக்கா. இவ கம்ப்யூட்டருக்குக் கரண்டு குடுக்கிற பவர் சப்ளை பெட்டி மேல ஒட்டியிருப்பான், எவ்வளவு தாங்கும்னு. அதை இவளே படிச்சுப் பாக்கட்டும்."

அக்கா மகள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டைத் திறந்து படித்தாள். பெரியவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று போனில் தேடிப் பார்த்தாள். மற்ற சாமான்களுக்கும் சேர்த்து மனக்கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பெருசு தாங்காது. பவர் பெட்டியையும் மாத்தணும்." பிறகு மாமாவின் பையைப் பார்த்தாள். "அதுல என்ன?"

மாமா தம்முடைய கார்டை எடுத்து நீட்டினார். இரண்டு விசிறி, ஒரே ஒரு மின் ஒயர். பல வருஷம் பழசு. ஒருநாள் மத்தியானம் தவிர உழைத்தறியாத உடம்பு. அதற்கு எவ்வளவு வேண்டும் என்றும் அவளே தேடினாள். "இது தாங்கும்."

பரிசு என்ற சொல்லை மாமா வாயிலிருந்து வெளியே விடவில்லை.

"முதல்ல சின்னதுல ஓட்டறேன், அப்புறம் இதுல ஓட்டறேன். முழுக் கூடத்தையும் வெச்சு" என்றாள் அவள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க மாமா. பாத்தீங்கன்னா ஏதாவது சொல்வீங்க."

மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பின்னால் மவுஸ் சத்தம் கேட்டது. விட்டு விட்டு ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு கம்ப்யூட்டர் அணைந்தது, திருகாணி சுழன்றது, ஒயரை அவள் எந்தத் துளையில் சொருகினாள் என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. அடக்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் மறுபடி உயிர்த்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மிக்ஸி சத்தம் எழுந்தது. மேசைக்கடியிலிருந்து சூடான காற்று வந்து அவருடைய கெண்டைக்காலில் பட்டது. மவுஸ் இப்போது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். முடியவில்லை. கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே, கண்ணாடிக் கடையில் ஒருநாளும் அவரிடம் யாரும் கேட்டிராத குரலில் மெதுவாகக் கேட்டார்:

"எதும்மா நல்லாருக்கு? முதல்லதா, ரெண்டாவதா?"

பின்னால் மவுஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா காத்திருந்தார்.